மல்லாட்டைக் கொல்லையில் ஒரு டம்ளர் டீ

அக்கா,

இன்று காலை ஒரு வீட்டில் இன்சுலின் புட்டி கை தவறிக் கீழே விழுந்து உடைந்துவிட்டது. சிமெண்டுத் தரையில் சிதறிய கண்ணாடியை அந்த வீட்டு மருமகள் கூட்டி அள்ளினாள். ஈரத்துணியால் துடைத்தாள். ஆனாலும் அந்த நெடி போகவில்லை. ஆஸ்பத்திரியையும் புதிதாகப் பிரித்த பிளாஸ்திரியையும் சேர்த்து முகர்ந்தாற்போல ஒரு நெடி. உனக்குத் தெரியும். உன் வீட்டில் அடுப்புப் புகைக்கும் சீயக்காய்க்கும் நடுவே தினமும் இரண்டு வேளை அது வந்துபோகும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா ஆச்சு நர்சம்மா? சாப்டாம வந்துட்டியா?" என்றாள் அந்தப் பெண்.



நான் நர்ஸ் இல்லை என்பது உனக்கும் தெரியும். பன்னிரண்டாவது முடித்தவள், மகளிர் குழுவில் இருப்பவள் என்று, வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். சில நாள் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு தோள்பை கொடுத்தார்கள். ஊருக்குள் முதன்முதலில் என்னை நர்சம்மா என்று கூப்பிட்டவள் நீ. "நான் நர்ஸ் இல்லக்கா" என்று நான் சிணுங்கினால், "எங்களுக்கு நீதான் நர்சு. செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனா எவ இவ்ளோ நேரம் நின்னு பேசறா?" என்பாய். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அந்தப் பெயருக்காகவே நான் கொஞ்சம் அதிகமாக அதட்டிப் பேசப் பழகினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

உன் காலில் முள் குத்திய புண் ஆறாமல் ஊறிக்கொண்டிருந்தபோதுதான் உனக்கு ஊசி எழுதினார்கள். நான்தான் உன்னைப் பஸ் ஏற்றி செஞ்சிக்குக் கூட்டிப்போனேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நீ அழுதாய். "ஊசி போட ஆரம்பிச்சா அவ்ளோதானாம். சாவற வரைக்கும் வுடாதாம்." உன் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம் அது. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். ஊசி போட்டுவிட வீட்டில் யாரும் இல்லை. நீயேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எழுத்து தெரியாத உனக்கு ஊசிக்குழாயில் இருக்கும் கோடுகளை எப்படிக் காட்டுவது? என் மகளின் நெயில் பாலிஷை எடுத்து வந்து ஒவ்வொரு குழாயிலும் டாக்டர் சொன்ன அளவுக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். புட்டியைக் குலுக்காதே, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டு என்றேன். "கொழுக்கட்டை உருட்டறாப்ல" என்று சிரித்தாய். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்சட்டியில் ஈர மணலைக் கொட்டி, அதற்குள் சின்னக் கலயத்தைப் பதித்து, புட்டியை அதில் வைத்தோம். பத்தே நாளில் நீ என்னைவிட லாகவமாகப் போட்டுக்கொண்டாய். ஒரு நாள் வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போட்ட புள்ளிகளைக் காட்டி, "பாரு, மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வெச்சாப்ல இருக்குது" என்றாய். புண் ஆறிவிட்டது. மறுபடி கூலிக்குப் போனாய்.

உன்னால்தான் பக்கத்துத் தெரு மேஸ்திரி ஊசிக்குச் சம்மதித்தார். நான் மூன்று மாதம் கெஞ்சியும் அசையாதவரை நீ ஒரே சாயங்காலத்தில் வழிக்குக் கொண்டுவந்தாய். அவர் எதிரிலேயே உன் வயிற்றில் குத்திக்கொண்டு, "வலிக்குதா இன்னான்னு என் மூஞ்சியப் பாருண்ணே" என்றாயாம்.

பிறகு அந்த வாக்கியம். நிறையப் பேர் மருந்தை மறந்துவிடுகிறார்கள் என்று நானாக இட்டுக் கட்டிய வாக்கியம் அது. "சோறு தவறினாலும் ஊசி தவறக் கூடாது." கேட்க நன்றாக இருந்தது. கூட்டங்களில் சொன்னேன், கைதட்டினார்கள். நீ அதைப் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இனிப்பு விஷயத்தில் நான் இன்னும் மோசம். டீயில் சக்கரை போட்டுக் குடித்தாயென்று உன்னை ஒருமுறை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறேன். "வெஷத்தக் குடிக்கறியா?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தப்பு செய்தவள் போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாய். நீ என்னைவிட பதினைந்து வயது மூத்தவள்.

சுகர் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதும் பயிற்சியில் இருந்தது. கடைசி நாள், சாப்பாட்டுக்கு முன்னால், அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். குறித்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்னதாக ஞாபகம் வரவில்லை, அக்கா.

சித்திரை மாதம். தொண்டூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் கேட்டிருந்தார்கள். உங்கள் கும்பலை வேலைக்குக் கூட்டிப்போகும் அஞ்சலையக்கா விடியற்காலையிலேயே வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். மழை வரும் போலிருக்கிறது, சீக்கிரம் செடியைப் பிடுங்கிக் கடலையை ஆய்ந்துவிட வேண்டுமென்று கொல்லைக்காரர் சொல்லியிருந்தாராம். உன் வீட்டில் ராத்திரி ஊற்றிவைத்த சோறு புழுக்கத்தில் கெட்டுப்போயிருந்தது. அதை ஆட்டுக்குக் கொட்டிவிட்டு, ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். கொல்லையில் டிபன் கொடுப்பார்கள், தின்றுகொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். பால் வாங்கப் போன நான் உன்னை வேன் பக்கத்தில் பார்த்தேன்.

"ஊசி போட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆச்சு நர்சம்மா" என்று சிரித்துக்கொண்டே ஏறினாய்.

நான் உனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மற்றதெல்லாம் அஞ்சலையக்கா சொல்லித்தான் தெரியும். டிபன் கொண்டுவர வேண்டிய வண்டி எதற்கோ செஞ்சிக்குப் போய் மாட்டிக்கொண்டது. எட்டு மணி ஒன்பதானது, ஒன்பது பத்தானது. உனக்குக் கொட்டுகொட்டென்று வேர்த்தது. அந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? உன் கை நடுங்கியதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். பிறகு நீ பிடுங்கிய செடியை ஆயாமல் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோன உன் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயாம், சிரித்தாயாம். "காலைலயே ஊத்திக்கினு வந்துட்டாளா இன்னா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நீ கீழே சாய்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. வேப்ப மரத்தடியில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வெயில் மயக்கம் என்று முந்தானையால் விசிறினார்கள். வேன் திரும்பி வந்து உன்னைச் செஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. அங்கே உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். சுகர் ஏறியது, உனக்கு நினைவு திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே உன் மகள் உன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சலிப்போடு, "சாப்பிடாதப்ப இந்த ஊசிய அப்படியே போட்டிருக்கக் கூடாதும்மா. மயங்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் சக்கர போட்ட டீ கொடுத்திருந்தாக்கூட எழுந்து உக்காந்திருப்பாங்க" என்றார். மூளைக்கு ரொம்ப நேரம் சத்து போகவில்லையாம். நீ கண் திறக்காமல் ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாய்.

கருமாதி முடிந்த அன்று அஞ்சலையக்கா என்னை வேலியோரம் கூட்டிப்போனாள். அவள் முகம் வற்றிப்போயிருந்தது.

"டீ கேன் அங்கதான் இருந்துச்சு. குடுக்கலாம்னு பாத்தேன். சக்கரக்காரியாச்சேன்னு குடுக்கல. குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

டாக்டர் சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லக்கா. எதுவும் ஆயிருக்காது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். எனக்காகவும்தான்.

ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். ஊசிதான் உன்னைக் கொன்றுவிட்டதாம். ஊசி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மேஸ்திரியின் மகன் வந்து, "எங்க நைனா புட்டியெல்லாம் கெணத்துல வீசிட்டாருக்கா" என்றான். நான் ஓடினேன். கெஞ்சினேன். மேஸ்திரி என்னைப் பார்க்காமல், "அவகிட்டயும் இப்படித்தான் சொன்ன. நீ சொன்னதக் கேட்டவ மண்ணுக்குள்ள இருக்கறா" என்றார். அந்த ஐப்பசியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ மூஞ்சியைக் காட்டி அவருக்குக் கொடுத்த தைரியத்தை நான் கொன்றேன்.

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. ரேஷன் கடைப் பக்கத்து மரத்தடியில் ஊசி போடுகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் கூட்டி உட்காரவைத்தேன். சாப்பிட முடியாத நாளில் ஊசியை வழக்கம் போலப் போட்டுக்கொள்ளாதீர்கள், முதலில் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றேன். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு மாறினால் உடனே சக்கரைத் தண்ணீரோ இனிப்பு டீயோ கொடுங்கள், யோசிக்காதீர்கள், விழுங்க முடியாமல் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றேன். சொல்லச் சொல்ல, பின்வரிசையில் அஞ்சலையக்கா இருப்பதைப் பார்த்தேன். சொல்லாமல் விடவும் முடியவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"அன்னிக்கி உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா. டீ குடுத்திருந்தா பொழச்சிருப்பாங்க. நான்தான் உங்க எல்லாரையும் இனிப்பு குடுக்க வுடாம பண்ணேன். என்ன அடி, திட்டு, இன்னா வேணா பண்ணு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நானும்தான் பொய் சொன்னேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"டீ குடுத்தேன்டி நானு. ஊத்தி வாய்கிட்ட வெச்சேன். அப்ப நெனப்பு இருந்துச்சு அவளுக்கு. வாசன பட்டதும் கண்ணத் தெறந்தா. டம்ளரப் பாத்தா. தலையத் திருப்பிக்கினா." அஞ்சலையக்கா மூக்கைச் சிந்தினாள். "'வேணாம் அஞ்சல, நர்சம்மா கோச்சிக்கும்'னா. அதான் அவ கடைசியா பேசுனது. இத உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. சின்னப் பொண்ணு, நீ தாங்க மாட்டியேன்னு நெனச்சேன்."

அக்கா, நான் தாங்கவில்லை. இப்போதும் தாங்கவில்லை. அஞ்சலையக்கா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அழுவதற்குக்கூட எங்களிடம் எதுவும் மிச்சமில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். உன் பதிவு அட்டையைத் திருப்பி வாங்கி வைத்த அதே மேசையில் இன்னும் பதினொரு அட்டைகள் கிடந்தன. எல்லாம் ஊசிக்காரர்கள். நான் போய்விட்டால் அடுத்த ஆள் வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியவில்லை. எழுதிய காகிதத்தை மடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். இதை நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. எனக்குப் போக வேறு இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் யாரையும் அதட்டுவதில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், நாளைக்கு வேலை எங்கே என்று கேட்கிறேன். அவர்கள் என்னைத் திருப்திப்படுத்தும் பதிலைத் தேடித் தேடிச் சொல்கிறார்கள். உண்மையா என்று எனக்குத் தெரிவதில்லை. உன் பயம் அவர்கள் முகத்தில் இருக்கிறது. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அதைத்தான் தெருத்தெருவாகச் சுமந்துகொண்டு போகிறேன். அதை நான் எங்கேயும் இறக்கிவைக்க முடியாது, ஏனென்றால் நான் கால் வைக்கும் இடத்திலெல்லாம் அது எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் பேச்சு நிற்கிறது. ஏதோ ஒரு தட்டை அவசரமாக நகர்த்தும் சத்தம் கேட்கிறது.

நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, இருமிவிட்டு, அவர்களுக்கு அவகாசம் கொடுத்துத்தான் உள்ளே போகிறேன், அக்கா.