அவைக்குறிப்பில் ஒரு சிரிப்பு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், தட்டச்சு செய்து செய்து விரல்கள்தான் ஓய்ந்துவிட்டன.

நேற்று நாடாளுமன்றத்தில் நம் தொகுதி உறுப்பினர் நாம்பேவே அம்மையார் பேசினார். நம் ஊர் ஆஸ்பத்திரியில் விளக்கில்லை, பிரசவத்துக்குப் போகிறவள் மெழுகுவர்த்தி கொண்டுபோகிறாள் என்றார். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையும் அவைக்குறிப்பில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று பதிவுசெய்வது என் வேலை. பதிவுசெய்தேன். மாலையில் அவரே என் மேசைக்கு வந்தார்.

“அந்தச் சிரிப்பை எடுத்துடட்டுமா, மேடம்?”

“எதுக்கு? இருக்கட்டும்டி. அவங்க பேத்திங்க படிக்கட்டும்.”

ஏரிக் கருவாடு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். தொட்டுக்கொள்ள ஏதுமில்லாமல் ந்சிமா, அந்தச் சோளக்களி, தொண்டையில் இறங்குவதில்லை.

நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் இந்தக் கடிதத்துக்காக நிற்கிறார். தங்கை அலினாஃபேவுக்குப் பிரசவ மாதம் நெருங்குகிறதே, அவள் பையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டீர்களா?

எஸ்நாத்