ஆறாட்டன்று வாய் திறந்த விமானம்

என் அருமைச் சீனு,

அங்கே உனக்குச் சவுகரியம்தானே? இதென்ன கேள்வி என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் முதலில் உன்னைக் கூப்பிடத்தான் வாய் வருகிறது.

இன்றைக்கும் அதுதான் நடந்தது. உள்பக்கத்தில் ஒரு விமானத்தின் படம் போட்டிருந்தார்கள். மற்ற விமானங்களின் பாகங்களை ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே கட்டியதாம். பின்பக்கத்தை வாலோடு சேர்த்து, வாசற்கதவைத் தள்ளுவது போல ஒரு பக்கமாக ஒதுக்கித் திறக்கிறார்கள். "சீனு, இங்க வந்து பாருடா!" என்று உரக்கவே சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை.

அப்புறம்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை இத்தனை வருஷமாகச் சொல்லாமலே வைத்திருக்கிறேன். நீ கேட்கவும் இல்லை. கேட்டால் உன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம், இல்லையா?

நீ விமான நிலையத்தில் எண்ணெய் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தபோது வலியசாலைத் தெருவே மூக்கில் விரலை வைத்தது. அப்பாவுக்கு நீ பாங்க்கில் உட்கார்ந்து பேனா பிடிக்க வேண்டும். நீயோ விமானத்தின் இறக்கைக்கடியில் நின்று குழாய் பிடித்தாய். சாயங்காலமானால் மண்ணெண்ணெய் வாடை உனக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். "அங்கயே நில்லு. கொல்லை வழியாப் போய்க் குளிச்சுட்டு வா. அப்பறம் பறயலாம் உன் கதையெல்லாம்" என்பாள் அம்மா. குளிக்கிற வரைக்கும் உனக்கு எங்கே பொறுமை? கிணற்றடியிலிருந்தே கதையை ஆரம்பித்துவிடுவாய்.

அப்படி ஒரு நாள் நீ சொன்னதுதான் இதே மாதிரி இன்னொரு பெரிய விமானத்தின் கதை. என்ஜினீயர் யாரோ விட்டுப்போன புஸ்தகத்தில் படம் பார்த்திருந்தாய். "அக்கா, இறக்கையை ஒரு தேசத்துல பண்றா, வாலை இன்னொரு தேசத்துல, நடு உடம்பை வேற எங்கயோ. எல்லாத்தையும் ஒரு எடத்துல கொண்டு சேக்கண்டாமா? ரோட்டுல போகாது. அதுக்காக ஒரு பிளேனைப் பிடிச்சு, முதுகை வெட்டிக் களைஞ்சுட்டு, மேல ஒரு மண்டபமே கட்டியிருக்கா, கேட்டியா?"

"அவ்வளவு பெரிசுன்னா கனம் தாங்குமாடா?" என்று கேட்டேன்.

"கனமே இல்லை. அதுக்கு வேண்டியது எடம்தான். ஊதின பூரி மாதிரின்னு வெச்சுக்கோயேன்."

அப்பா சாதத்தில் மோரை விட்டுக்கொண்டே, "புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றார். நானும்தான் நம்பவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாளில் எதையும் நம்புகிற தெம்பு எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும். கல்யாணமாகிப் போய் இருபத்தோராம் நாள் திரும்பி வந்தவள் நான். அந்த மனுஷருக்கு ஏற்கெனவே வேறொரு குடும்பம் இருந்தது, விஷயம் அவ்வளவுதான். தெருவுக்கு அது போதவில்லை. எதிர்வீட்டுப் பட்டு மாமி, "பொண்ணுக்கு என்னமோ சீக்காம்" என்று ஒன்றைக் கொளுத்திப் போட்டாள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பார்க்கிற பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினாலு மாசம் தெருவில் இறங்காமல் இருந்தேன். வாசலில் கோலம்கூட அம்மாதான் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்திரப் பதிவு ஆபீஸில் வேலைக்கு உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பரீட்சையின் பலன். அந்த மாசக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. ஆபீஸ் என்றால் தினமும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எத்தனை வாசல்களைத் தாண்டி நடக்க வேண்டும்! "நான் போகலை" என்று உத்தரவை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நீ மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கும் என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

பங்குனி ஆறாட்டு வந்தது. சுவாமி கடலில் நீராடச் சங்குமுகம் போகும் வழியில் விமானங்கள் ஓடுகிற பாதையைக் கடந்து போவார் என்றும், அதற்காக அன்று சாயங்காலம் விமானங்களையே நிறுத்திவிடுவார்கள் என்றும் வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ம தலையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நமக்கு அது வருஷத்தில் இரண்டு முறை நடக்கிற சாதாரணக் காரியம். சுவாமிக்குப் பின்னால் நடக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீ பாஸ் வாங்கி வைத்திருந்தாய்.

அன்று மத்தியானம் நீ கொல்லைப்பக்கம் போகவில்லை. மண்ணெண்ணெய் நாற்றத்தோடு நேரே கூடத்துக்கே வந்துவிட்டாய். "அக்கா, அது வந்திருக்கு!"

"எதுடா?"

"பூரி!"

மூச்சு வாங்கச் சொன்னாய். எண்ணெய் நிரப்ப இறங்கியிருக்கிறது, என்னவோ சின்னப் பழுது, அதைச் சரிசெய்வதற்குள் பாதையை மூடிவிடுவார்கள், சுவாமி கடலிலிருந்து திரும்புகிற வரை அது நகராது. "அம்மாவோட பாஸ்ல நீ வா."

"நான் வரலை. எல்லாரும் என்னையே பாப்பா."

நீ என் முன்னால் தரையில் உட்கார்ந்தாய். "பறயறதைக் கேளு அக்கா. இன்னிக்கு ஒருத்தரும் உன்னைப் பாக்க மாட்டா. அது அங்க நிக்கறச்சே ஆராலயும் வேற எதையும் பாக்க முடியாது. நான் காரண்டி."

அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா தன் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மறுபடியும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கோயில் கோட்டையிலிருந்து வள்ளக்கடவு வரை நான் பார்த்ததெல்லாம் அப்பாவின் குதிகால்கள்தான். அந்த வெடிப்புகளை இப்போதும் வரைந்து காட்டுவேன். விமான நிலையத்தின் மதிற்கதவைத் தாண்டியதும் காலுக்கடியில் தரை மாறியது, கடற்காற்று முகத்தில் அடித்தது. அப்பா சட்டென்று நின்றார். "ஈசுவரா" என்றார். நான் தலையைத் தூக்கினேன்.

சீனு, அது எனக்கு முதலில் விமானமாகவே தெரியவில்லை. கடலை மறைத்து வெள்ளையாக எதையோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் இறக்கை தெரிந்தது, சக்கரம் தெரிந்தது. ஓட்டுகிறவர்களின் ஜன்னல் கீழே, தாடைக்குப் பக்கத்தில். அதற்கு மேல் நெற்றி எழும்புகிறது, எழும்பிக்கொண்டே போகிறது. முன்னால் போன யானை அன்றைக்கு எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. அழகு என்று அதைச் சொல்ல வழியே இல்லை. ஆனால் அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல், அத்தனை ஜனங்களுக்கும் நடுவில் அது நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இதை மனுஷன் யோசித்தானா? யோசித்து, பறக்கவும் வைத்தானா?

ஜனங்களைப் பார்க்க வேண்டுமே! முன்னால் சுவாமி, பக்கத்தில் அது. கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், உடனே கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். மறுபடி கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கயிறு பிடித்து நின்ற போலீஸ்காரர் கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

யாரோ என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்கள். பட்டு மாமி! எனக்கு உயிரே போய்விட்டது. மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏண்டி, இது பறக்குமோ?" என்றாள்.

"பறக்கும் மாமி. கனமே கிடையாது. அதுக்கு எடம்தான் வேணும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

மாமி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "நீ கோமுதானே?" என்றாள். நான் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "அங்க பாருடி, அங்க பாரு, வாயைத் தொறக்கறது!" என்று கத்திக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இனிமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. கவனமாகக் கேள். அது வாயைத் திறந்தது, உள்ளே சரக்கைக் கட்டிய கட்டெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்று அப்புறம் நீதான் காரணம் சொன்னாய். அந்த நெற்றி அப்படியே மேலே எழும்பியது. அவசரமே இல்லை. ஜன்னலும் உள்ளே இருந்த மனுஷர்களும் கீழேயே இருக்க, தலைக்கு மேல் உச்சி மட்டும் திறந்துகொண்டது. உள்ளே, சாய்ந்த வெயிலில், வெள்ளை உறை போட்ட ஓர் இறக்கை படுத்திருந்தது. முழு இறக்கை, சீனு. பறக்கிற ஒன்றுக்குள் பறக்கப்போகிற ஒன்று. கொட்டுச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. நான் அழுதேன். பதினாலு மாசமாக அழுத அழுகை வேறு, இது வேறு.

இதையெல்லாம் உனக்கு ஏன் இத்தனை விவரமாக எழுதுகிறேன் தெரியுமா? நீ பார்க்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னைத் தேடினேன். எண்ணெய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். அத்தனை ஆயிரம் ஜனங்களில் அந்த விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் நீ ஒருத்தன்தான். வரிசை வரிசையாகக் கூட்டத்தைத் துழாவி, என்னைக் கண்டுபிடித்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் அது திறந்த வாயோடு நின்றது, மெல்ல மூடிக்கொண்டது. நீ திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "வாயைத் தொறந்ததைப் பாத்தியாடா?" என்று கேட்டேன். "பின்னே? பக்கத்துலயே நின்னேனே!" என்றாய். எத்தனை வருஷம் அதையே சொன்னாய்! படத்தில் பார்த்த அந்த வாய் நேரில் திறப்பதைப் பார்க்க உனக்கு எத்தனை ஆசை என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு அது இந்த ஊர்ப்பக்கம் வரவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை அரிசி டின்னை நகர்த்தி உத்தரவை எடுத்தேன், தெருக்கோடி வரை நடந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். நான் செத்துப்போகவில்லை.

இப்போது ஊர்ச் சமாச்சாரம். பட்டு மாமியின் பேத்தி ஜெயா கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் படித்த பெண், ஆறு மாசமாக வாசலுக்கு வருவதில்லை. போன வாரம் மாமியே நம் வீட்டுப் படியேறி வந்தாள். "கோமு, ஆறாட்டுக்கு வாடின்னா வரமாட்டேங்கறா. எல்லாரும் பாப்பாளாம். நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள். என் நாக்கு நுனியில் சுடச்சுட ஒன்று வந்தது. என் குணம்தான் உனக்குத் தெரியுமே. ஆனால் மாமி அன்றைக்குப் போலவே என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விழுங்கிவிட்டேன்.

ஜெயாவிடம் போய் உன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு ஒங்களுக்கு அந்தப் பிளேன் இருந்தது. எனக்கு என்ன இருக்கு, பறயுங்கோ?" என்றாள். நான் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன்.

நாளை மறுநாள் ஆறாட்டு. அப்படி எந்த விமானமும் வரப்போவதில்லை, உன் பழைய சகாக்களிடம் விசாரித்துவிட்டேன். வராவிட்டால் போகட்டும். கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கரை போட்ட பட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்தவர் கண் கூசும். அதைக் காட்டினதும் ஜெயா சிரித்துவிட்டு, வருகிறேன் என்றாள். தலை நிறையப் பிச்சிப்பூவுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த வயசில், இந்த உடம்பில், புருஷனை விட்டு வந்தவளுக்கு இதெல்லாம் கேட்கிறதா என்று தெரு முழுக்க என்னைப் பார்க்கட்டும். வேண்டிய மட்டும் பார்க்கட்டும். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் ஜெயா தெருவைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், சீனு. சுவாமியே எதிரில் வந்தாலும் நான் திரும்ப மாட்டேன். அவளையே பார்த்துக்கொண்டு நடப்பேன்.

என்றைக்கும் உன் அக்கா,
கோமதி