அம்மா சொன்னது, நான் எழுதியது

ஜூன் 10, 2025, செவ்வாய்

கம்பெனியில் இன்று எழுநூறு ஃபியூஸ் பீங்கான் தட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று கழிவு. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நல்லதைத் தட்டினால் 'ணங்' என்று வரும், விரிசல் விட்டது 'டொக்' என்று சொல்லிவிடும். பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. ஆனாலும் இன்று இரண்டு முறை கழிவை நல்லதில் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் மாயவன் எடுத்துக் காட்டி, "அக்கா, ஒங்க காது இன்னிக்கு இங்க இல்ல" என்றார்.

எப்படி இருக்கும்? காது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அம்மாவுக்குக் காலையில் மறுபடியும் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஈரல் முழுக்கப் பரவிடுச்சும்மா. இனிமே வலிக்கு மருந்து குடுக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் போங்க, நர்ஸ் வந்து ஊசி போடுவாங்க" என்றார்.

தலையை ஆட்டினேன். பிறகு இன்னொரு ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

அம்மா இன்று என்னைப் பிராது எழுதச் சொன்னாள்.

முப்பது வருடமாக ஊருக்கே எழுதிக் கொடுத்தவள். ஸ்கூலில் சத்துணவு அமைப்பாளர்தான், ஆனால் ஊருக்கு அவள் டீச்சர். வேலை முடிந்து வந்து முகம் கழுவுவதற்குள் வாசலில் யாராவது நிற்பார்கள். முதியோர் பென்ஷன் மனு, ரேஷன் கார்டு மனு, அதற்கும் மேலே மனு போட ஆள் இல்லையென்றால் மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பருக்குப் பிராது. "சாமிக்கு எதுக்கும்மா எழுதிக் குடுக்கணும், அதுக்குத் தெரியாதா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சாமிக்குத் தெரியும்டி. கேக்கறவங்களுக்குத்தான் என்னா வேணும்னு தெரியாது. எழுதனாதான் தெரியும்" என்றாள்.

அவளுக்கென்று சட்டம் வைத்திருந்தாள். ஒரே நாளில் எழுத மாட்டாள். ஒரு முறை ஒருத்தி வந்து, மாமியார் செத்துப்போக வேண்டும் என்று எழுதச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. "எழுதலாம். நாளைக்கும் ஒருதரம் வந்து இதையே சொல்லு" என்றாள். அவள் மறுநாள் வரவில்லை. பாதிப் பேர் வர மாட்டார்கள். வந்தவர்கள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதி, படித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்குவாள்.

இன்று வலது கை டிரிப்ஸ் ஏறி ஏறி வீங்கிக் கிடக்கிறது. பேனா பிடிக்க முடியாது. சொன்னாள்:

"அப்பனே கொளஞ்சியப்பா, என்னை ஆஸ்பத்திரியில வெச்சி இழுக்காத. என் வூட்டுலேருந்து என்னைக் கூட்டிக்க. என் புள்ளைங்க மனசு அதுக்கு ஒத்துக்கணும்."

"என்னம்மா பேசற" என்று எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

"நேத்து சொன்னதேதான்" என்றாள் நான் உள்ளே நுழைந்ததுமே. இரண்டாம் நாள். அவள் சட்டம்.

தாள் எடுத்தேன். எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கேயாவது உண்மையாக எழுதிவிடுகிறேன்: "என் தாயார் ஆதிலட்சுமி பூரண குணமாகி இன்னும் பத்து வருடம் என்னோடு இருக்க வேண்டும்."

"படி" என்றாள். அவள் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. நான்தான் மறந்துவிட்டு வந்திருந்தேன். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதை மனப்பாடமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இழுக்காதே, வீட்டிலிருந்து கூட்டிக்கொள், பிள்ளைகள் மனசு ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சொன்னேன். தாளில் அது ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இடது கையால் 'ஆதி' வரைக்கும் போட்டாள். மீதி கோணிக்கொண்டு போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்

மணவாளநல்லூர். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் போய் வந்தோம். கொளஞ்சியப்பர் கோயிலில் முனியப்பர் சந்நிதி வேலில் பிராதை விபூதியோடு மடித்துக் கட்டினேன். அங்கே ஏற்கெனவே கட்டியிருந்ததில் அம்மா எழுதியது எத்தனையோ இருக்கும். என்னுடையதும் அதன் நடுவே ஒன்றும் தெரியாதது மாதிரித் தொங்குகிறது.

ஜூன் 19, வியாழன்

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேம்மா."

"சரி. அப்ப பாக்கலாம்" என்றாள். கஞ்சி இரண்டு கரண்டி அதிகமாகக் குடித்தாள்! தம்பி திருமாலுக்குத் திருப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் போனிலேயே அழுதான்.

ஜூன் 24, செவ்வாய்

தினமும் கேட்கிறாள், கட்டிட்டியா என்று. நானும் தினமும் சொல்கிறேன். இன்று அரை இட்லி. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். பரவாயில்லை, உள்ளே போனால் போதும். பிராது வேலை செய்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து ஐந்து நிமிடம் விடுகிறார்கள். மூக்கில் குழாய், வாயில் குழாய். வலிக்கிறதா என்று கேட்டால் கண்ணை மூடித் திறக்கிறாள். அதற்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? திருமால் வந்துவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் பெஞ்சில்.

ஜூலை 5, சனி

காலை பத்தே முக்கால். நான் உள்ளே இல்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே நிற்க வைத்திருந்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லூரிலிருந்து, பெண்ணாடத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். லாரி ஓட்டுகிற ஒருத்தர், பேர் தனக்கோடி, வேப்பூரில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வந்தாராம். "நான் ஸ்கூல் படிக்கறப்ப எங்க வூட்டுல ரொம்பக் கஷ்டம். டீச்சரு மத்தவங்களுக்குத் தெரியாம எனக்கு ரெண்டாவது தடவ சோறு வெப்பாங்க. இன்னொருத்தன் கேலி பண்ணக்கூடாதுன்னு, தட்டு கழுவற சாக்குல கூப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வளர்ந்த மனுஷன் பந்தியில் உட்காராமலே போய்விட்டார்.

எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா, ஒரு கொறையும் வெக்கல" என்றார்கள்.

என்ன குறை வைக்கவில்லை? எட்டிப்பிடிக்கிற தூரத்தில் வூடு. இவர் ஆட்டோவில் பின்சீட்டில் ஒரு தலகாணி போட்டா பத்து நிமிஷம். டாக்டரம்மாவே சொன்னாங்க. அந்தப் பிராதுக்குச் சாமி எதுக்கு? 'என் புள்ளைங்க மனசு ஒத்துக்கணும்'னு எங்கிட்டயே சொல்லி எங்கையாலயே எழுதச் சொன்னாளே, அது யார்மேல குடுத்த பிராது? எம்மேலதான? நான் ஒத்துக்கிட்டிருந்தா அன்னிக்கே தீர்ந்துருக்கும். நான் ஒருத்தி போதும்.

ஊரில் யார் சொன்னதையும் ஓர் எழுத்து மாற்றாதவளுக்கு, அவள் கேட்ட ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றிவிட்டேன். கட்டிட்டேன், கட்டிட்டேன் என்று பத்துப் பன்னிரண்டு நாள் சொல்லவும் செய்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

அம்மாவின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. துடைத்து வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தெருக்கோடி தங்கம்மா சித்தி வந்தார். அம்மாவோடு முப்பது வருடப் பழக்கம். மகனுக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை என்று சித்திரையில் அம்மா கையால் எழுதி வாங்கிப் பிராது கட்டியவர். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்களாம். பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு ராஜினாமா என்று ஒரு தாள் எழுதிக் கொடு என்றார். கேட்டது நடந்ததும் பிராதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாமியிடம் வழக்கு நிலுவையில் நிற்கும் என்பது முறை.

"அம்மா இல்ல சித்தி. வேற யாருகிட்டயாவது எழுதிக்குங்க" என்றேன்.

"நீதான் இருக்கியே."

"எனக்கு எழுத வராது" என்று கதவைச் சாத்திவிட்டேன். வாசலில் அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நிறைவேறியதை வாபஸ் வாங்கலாம். நிறைவேறாததை? அதுவும் பொய்யாகக் கட்டியதை? அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்க வேண்டியதெல்லாம் இப்போதுதான் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தங்கம்மா சித்தி மறுபடியும் வந்துவிட்டார். முருங்கைக்கீரையோடு. இந்த முறை கதவைச் சாத்த மனசு வரவில்லை. கீரையை உருவிக்கொண்டே, "என்னாடி, இப்புடி எளச்சிட்ட?" என்றார். அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுதியது, படித்தது, கட்டியது, கட்டிவிட்டேன் என்று சொன்னது.

அவர் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தன்ல, நீ எழுதனதுக்கு மறாநாளு. டீச்சரே சொன்னாங்க. 'எம் மவ வேற என்னமோ எழுதியிருக்கா தங்கம்மா. படிக்கும்போதே தெரிஞ்சிபோச்சி, கொரலு டொக்குனு இருந்துது'ன்னாங்க."

சித்தி அடுத்த கொத்தை எடுத்தார்.

"அப்பறம் ஏன் டீச்சரு கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்டன். 'நான் ரெண்டு நாளு சொன்னன். அவளுக்கு ஒருநாளு கூட வாயத் தொறந்து சொல்ல முடியல, எழுதத்தான் முடிஞ்சிது. போவட்டும். அவ பிராதும் பிராதுதான'ன்னாங்க. 'அவ என்னாத்த கேட்டிருப்பான்னு தெரியாதா எனக்கு? ஆனமட்டும் பாக்கறன்'ன்னாங்க."

ஆனமட்டும் பார்க்கிறேன்.

அப்படியானால் அவள் தினமும் கட்டிட்டியா என்று கேட்டது தன்னுடையதை இல்லை. என்னுடையதை. அந்த இரண்டு கரண்டிக் கஞ்சி. அந்த அரை இட்லி. வாந்தி வரும் என்று தெரிந்தே விழுங்கினாளே, அது சாமி செய்ததில்லை. நான் கேட்டதை நிறைவேற்ற அவளே முயற்சி பண்ணியிருக்கிறாள். எனக்காக அந்த வலியோடு மூணு வாரம் இழுத்துக்கிட்டுக் கெடந்தியாம்மா? யாரு கேட்டா ஒன்ன? நான்தான் கேட்டேன். நான்தான கேட்டேன்.

சித்தி கீரையை வைத்துவிட்டு என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அம்மா போன நாளிலிருந்து இன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சித்தி சொன்ன ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். பிறகு எனக்கு ஒன்று. நேற்றும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், இன்றும் சொல்லிப் பார்த்தேன். மாறவில்லை.

"கொளஞ்சியப்பருக்கு, விருத்தாசலம் சிவசங்கரி எழுதிக்கொள்வது. ஆனி மாதம் நான் கட்டிய பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதில் இருப்பது என் அம்மா கையெழுத்து. கேட்டது நான். அவள் கேட்டதை நான் செய்யவில்லை. நான் கேட்டதை அவளால் ஆனமட்டும் செய்தாள். இனி அவள்மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை."

ஆகஸ்ட் 25, திங்கள்

சித்தியும் நானும் டவுன் பஸ்ஸில் போனோம். இரண்டு ராஜினாமாவையும் ஒன்றாகவே வைத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்று நல்லூரிலிருந்து ராஜாம்பாள் என்றொரு அம்மா வந்தார். எழுபது இருக்கும். டீச்சர் வீடு இதுதானே என்று கேட்டார். மகன் வெளிநாட்டில். இடுப்பு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறானாம். தனக்கு வேண்டாம், இருக்கிறவரை இப்படியே நடந்துகொள்கிறேன், அவன் மனசு இறங்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் நன்றாக நடக்கலாமே பெரியம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. "நாளைக்கும் ஒருதரம் வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்று, நான் வேலை முடிந்து வருவதற்குள் வாசலில் நின்றார். அதையே சொன்னார். எழுதினேன்.

"எனுக்குக் கண்ணு தெரியாது தாயி, படி" என்றார்.

தாளில் இருந்ததைத்தான் படித்தேன்.