வயலில் இறங்கிய என் தங்கைக்கு

என் செல்ல ஸ்டெல்லா,

உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை போன ஞாயிறு சாந்தோம் கோயிலில் முடிந்தது. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "என் தங்கையைப் பறக்கச் சொல்லித் தைரியம் கொடுத்ததே நான்தான்" என்று மைக்கில் சொன்னேன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

பொய்தானே அது? உன்னிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் எப்போதும் பொறாமை. நீ ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோது ஆரம்பித்தது இல்லை, அதற்கும் முன்பே. ஆனால் நீ போனபிறகு அது வீட்டில் ஒரு ஆளைப்போல உட்கார்ந்துவிட்டது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த நாலு வருஷம் அவரைக் குளிப்பாட்டினது நான். ஊட்டினது நான். என் கையால் கஞ்சி குடித்துக்கொண்டே அவர் கண் செல்போனைத் தேடும், உன் அழைப்பு வருமா என்று. நீ பத்து நிமிஷம் பேசுவாய். அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தில் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கைத் துணியை மாற்றுவேன்.

பிறகு நீ கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டாய். இன்ஜின் இல்லாத விமானம், மேலே எழும் சூடான காற்றைப் பிடித்தே ஏறணும் என்று நீ விளக்கியபோது, "சரிடி, பத்திரம்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை அணைக்கப் போனேன். உயரம் குறைந்து ஓடுதளத்துக்குத் திரும்ப முடியாவிட்டால் ஏதாவது வயலில் இறங்கிவிடுவோம், அது சகஜம் என்றும் சொன்னாய். அப்படி ஒருமுறை இறங்கி, அந்த விவசாயி வீட்டு மேஜையில் உட்கார்ந்து கேக் சாப்பிடும் படத்தை அனுப்பினாய். அம்மா அதை அந்த வார ஞாயிறு பூசைக்கு வந்த அத்தனை பேருக்கும் காட்டினாள். நான் அன்றைக்குத் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். தனியாகப் பறக்கும் தேர்வுக்கு முதல் நாள், "அக்கா, எனக்காக ஜெபம் பண்ணு" என்று எழுதியிருந்தாய். பண்ணினேன். மாதாவுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, இவள் தோற்றுப்போகணும், அலுத்துப்போய் வீட்டுக்கே வந்துவிடணும் என்று வேண்டினேன். நீ ஜெயித்தாய். கடவுளுக்கு நன்றி என்று பதில் அனுப்பினேன், கைதட்டும் பொம்மையோடு.

பூசைக்காக உன் தோழி கத்ரின் வந்திருந்தாள். உன்னோடு அதே கிளப்பில் பறந்தவள். மந்தைவெளி வீட்டில் நாலு நாள் தங்கினாள். உனக்குக் காபியில் சர்க்கரை ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது; நான் இன்னும் இரண்டு ஸ்பூன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அவள் கன்னத்தைத் தடவி "என் பொண்ணு" என்றபோது எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள். கத்ரின் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். உன் சாவை என் வாயாலேயே சொல்லவேண்டியதாயிற்று. மதியத்துக்குப் பிறகு மேகம் மூடிவிட்டது, காற்று ஏறவில்லை. நீ அறுவடை முடிந்த ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தாய். நல்ல வயல்தான், யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள் என்றாள். வயல் ஓரத்தில் ஒரு மின்கம்பி. கம்பங்கள் மரங்களுக்குள் மறைந்திருந்தன. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாதாம். இறக்கை அதில் மாட்டிக்கொண்டது. ஓடிவந்த விவசாயி உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

"பயந்தாளாமா? கேளு" என்றாள் அம்மா.

இல்லை என்றாள் கத்ரின். "வயல் பார்த்துவிட்டேன், இறங்குகிறேன்" என்று ரேடியோவில் அவளிடம் சொன்னாயாம், சாதாரணக் குரலில். அதுதான் கடைசி. உன் கடைசி வார்த்தை தமிழில்கூட இல்லை, ஸ்டெல்லா. அதைக் கேட்டவளும் நான் இல்லை. இதற்குமா பொறாமைப்படுவாள் ஒருத்தி? பட்டேன்.

பிறகு கத்ரின் தயங்கித் தயங்கி என்னைப் பார்த்தாள். மேலே எப்படி இருக்கும் என்று அக்கா ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்று நீ வருத்தப்படுவாயாம்.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. உன் மீன் குழம்பு நல்லாருக்காம்."

மறுநாள் சாயங்காலம் கத்ரினைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கட்டுமரங்களும் ஃபைபர் படகுகளும் கிடந்த இடத்தில் மணலில் உட்கார்ந்து, உன்னிடம் கேட்டிருக்கவேண்டியதை அவளிடம் கேட்டேன். காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்குமாம். கீழே யாராவது புல் அறுத்தால் அந்த வாசனை அவ்வளவு உயரத்துக்கும் ஏறிவருமாம். சில நாள் ஒரு பருந்து உன் இறக்கைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு வருமாம். நீ அதோடு தமிழில் பேசுவாயாம். எனக்கு அழுகை வந்தது. வயிறும் எரிந்தது. ஒரு பருந்துக்குக் கிடைத்திருக்கிறதே என்று.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெழுகுவத்தி, வேண்டுதல், மைக்கில் சொன்ன பொய். அறைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"நானுந்தாண்டி அதே வேண்டிக்கினேன்" என்றாள். "தோத்துட்டு வந்துரட்டும்னு."

"நீ பாசத்துல வேண்டின. நான் பொறாமைல வேண்டினேம்மா."

"ரெண்டும் ஒரே சாமிகிட்டதான போச்சு," என்றாள். "அப்பயும் அவ பறந்துட்டா, பாரு." அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது பெருமை. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?

அடுத்த கோடை விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீ பறந்த இடத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. கத்ரின் கிளைடர் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். எனக்கு உயரம் என்றாலே வயிறு கலங்கும். அது உனக்குத் தெரியும். வாந்தியே எடுத்தாலும் இறங்கின கையோடு உனக்கு எழுதுகிறேன், மேலே எனக்கு எப்படி இருந்தது என்று. ஒரு வரிகூட மாற்றிச் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உன்மேல் இன்னும் பொறாமை தீராத,
உன் கூடப்பிறந்தவள்,
ரோஸி அக்கா