வருகை

காரைக்குடி,
ஆகஸ்டு 1967

முத்தழகுக்கு,

ஸ்தோத்திரம். பிள்ளை ஒழுங்கா சாப்பிடுதா?

அன்னைக்கு நான் வேலை முடிஞ்சு வந்தப்ப கதவு திறந்து கிடந்துச்சு. உலை பொங்கி அடுப்பு அணைஞ்சிருந்துச்சு. நீயும் இல்ல, பிள்ளையும் இல்ல. இயேசு திரும்பி வந்து உங்களை எடுத்துக்கிட்டார், என்னை மட்டும் விட்டுட்டார்னு நினைச்சேன். சிரிக்காத. சபையில அந்த வருகையைப் பத்தி ஓயாமப் பேசுறவன் நான்தானே. செக்காலை ரோட்டுல செருப்பில்லாம பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசல்ல சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்தார்.

அவரும் இன்னும் இங்கதான் இருக்கிறதைப் பார்த்ததும்தான், இது ஆண்டவர் செஞ்ச காரியம் இல்ல, நீயே போனதுன்னு புரிஞ்சுச்சு.

உங்க ஆத்தாவை அடக்கம் பண்ணிட்டு வந்த பிறகு, நீ போன அன்னைக்குக் காலையில நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட. "எங்க ஆத்தா இப்ப எங்க இருக்கும்னு நினைக்கிறீக?" நான் நம்ம விசுவாசப்படி பதில் சொன்னேன். இயேசுவை ஏத்துக்காம செத்தவங்க போற இடத்தைச் சொன்னேன். அந்த வார்த்தையை இப்ப எழுதக் கை வரல. நீ அரிசியைக் களைஞ்சுக்கிட்டே, "நம்ம பிள்ளைக்கு அம்மை வந்தப்ப மடியை விட்டு இறக்காம வச்சிருந்தது அதுதானே"ன்னு மட்டும் சொன்ன.

வேதத்தை முதல்ல இருந்து புரட்டிட்டேன். வேற பதில் கிடைக்கல, முத்தழகு. உனக்காகப் பொய் சொல்லவும் வரல.

ஞாயித்துக்கிழமை சபையில எல்லாரும் எந்திரிச்சு நின்னு, "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்"னு ஜெபிச்சாங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறந்தேன்.

"வந்துரு"ன்னுதான் வந்துச்சு.

உன் வீட்டுக்காரன்