நாற்காலிக்குப் போட்ட சாக்பீஸ் கோடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போலத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலமெல்லாம் பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியவன் நான். என் சொந்தக் கடிதத்தை ஒரு பொய்யோடு தொடங்க மனம் வரவில்லை. அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசியதிலிருந்து நான் நிதானத்தில் இல்லை. பயப்படாதே, எனக்கு நோய் ஒன்றும் கிடையாது. அதிர்ச்சிதான். திங்கட்கிழமை காலை பற்பசை என்று நினைத்து அம்மாவின் கால்வலிக் களிம்பைப் பிரஷ்ஷில் பிதுக்கிவிட்டேன். வாய்க்குள் போன பிறகுதான் தெரிந்தது. அம்மா, "பல்லுக்கு இனிமே மூட்டுவலி வராது" என்றாள்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். போனில் கேட்டால் நீ சட்டென்று சிரித்துவிடுவாய். நானும் நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் போன கதையிலிருந்து வருகிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். போன வியாழக்கிழமை, வக்கீலுக்கு ஒரு பத்திரத்தை மொழிபெயர்த்து முடிக்க வேண்டியிருந்தது. மேலே போர்த்திய துணியை மடித்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒரு முனகல், கருகிய வாடை, அவ்வளவுதான். தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, எல்லாரும் ஸ்க்ரூ என்று கூப்பிடுவார்களே, அவர் வந்து மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டார். பிறகு இறந்தவரின் உறவினரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "உசுரு போயிடுச்சு சார். இதுக்கு போர்டு இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது. உலகமே கைக்குள்ள வந்தாச்சு, நீங்க இன்னும் பொட்டிக்குப் போர்வை போத்திக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

நீயும் இதைத்தான் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! டெஸ்க்டாப் காலம் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் மொபைல் பார்த்துக்கொள்ளும் என்பாய். நானும் விடாமல் வாதாடுவேன். நூறு பக்கப் பத்திரத்தைக் கட்டைவிரலாலா தட்டுவது, எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறதே, எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்த இடத்தில் இருக்கும் பொருளைத்தான் நம்ப முடியும் என்பேன். ஸ்க்ரூவிடமும் அதையே சொன்னேன். "பத்திரத்தையெல்லாம் இப்ப போன்ல வாயால சொன்னா அதுவே அடிச்சுடுது சார்" என்று சொல்லிவிட்டு, நீ போன வருடம் அனுப்பி, நான் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்த போனை எடுத்து உயிர் கொடுத்தார். உன் எண்ணையும் அதில் ஏற்றினார்.

எனக்குப் பழைய பழக்கம் போகவில்லை. வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை முறைப்படி அணைப்பதுபோல, சாயங்காலம் ஆனதும் போனையும் முழுக்க அணைத்து, துடைத்து, கைக்குட்டையால் மூடி இழுப்பறையில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அதுக்கும் போர்வையா? அப்படியே ஒரு தாலாட்டும் பாடிடுங்க" என்றாள். நான் செய்தது சரிதானே என்றுதான் அன்று நினைத்தேன்.

ஞாயிறன்று உன் பழைய அறையில், நாங்கள் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தோம். உயிர்போன திரையின் மேலேயே போனைச் சாய்த்து வைத்தேன். அது ஒரு வழவழப்பான பொருள், சரிந்துவிட்டது. உனக்கு முதலில் விட்டம் தெரிந்திருக்கும், பிறகு தரை, பிறகு சுவரோரம் நின்ற அது. "அப்பா, அது என்னப்பா, கம்பி கம்பியா?" என்று கேட்டாய். துணி காயப்போடும் ஸ்டாண்டு என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே திடுக்கென்றது.

அது துணி காயப்போடும் ஸ்டாண்டு இல்லைம்மா. உன் அம்மா பிடித்துக்கொண்டு நடக்கும் சட்டம்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்துவிட்டாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. இடது கையும் இடது காலும் பாதித்துவிட்டன. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று இரண்டு ஞாயிறு நான் பேசாமல் இருந்தேனே, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது தேறிவிட்டாள். வீட்டுக்குள் நடக்கிறாள், பேச்சில் குறையில்லை, முன்பைவிட நன்றாகவே என்னைத் திட்டுகிறாள். ஆனால் இடது கை தூக்க வரவில்லை. அதனால் ஞாயிறுதோறும் நீ கூப்பிடும் முன்பே அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். காமிராவில் முகமும் வலது தோளும் மட்டும் விழுகிற மாதிரி இடம் பார்த்து, நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன். அழிந்தால் மறுபடி போடுவேன். கோட்டுக்கு வெளியே நாற்காலி ஒரு விரல் நகர்ந்தாலும் உடனே உள்ளே தள்ளிவிடுவேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது அம்மாதான். "பாப்பா அங்க தனியா கெடந்து என்ன பண்ணுவா? வேலையை விட்டுட்டு ஓடி வருவா. சொல்லாதீங்க" என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குழறிய வாயோடு சொன்னாள். பிறர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். தனியா என்று அவள் சொன்னதை அன்று கவனிக்கவில்லை.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். தவறாக நினைத்திருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

மொபைலை அவ்வளவு புகழ்கிற நீ, எங்களோடு பேசும்போது மட்டும் உன் ஆபீஸ் வேலைக்கான பெரிய கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவாய். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பின்னால் அதே வெள்ளைச் சுவர், கடிகாரம், கதவுக் கொக்கியில் மாப்பிள்ளையின் நீல ஸ்வெட்டர். அவர் குளிக்கிறார் என்பாய், இப்போதுதான் வெளியே போனார் என்பாய். ஸ்வெட்டர் தொங்குகிறதே, ஆள் பக்கத்தில்தான் இருப்பார் என்று நானும் நிம்மதியாக விசாரித்ததாகச் சொல்லச் சொல்வேன்.

இந்த ஞாயிறு நான் உன் போனுக்குக் கூப்பிட்டேன். நீயும் எடுத்துக்கொண்டு உன் வழக்கமான நாற்காலிக்குத்தான் வந்தாய். பாதிப் பேச்சில் பால் பொங்கிவிட்டது. ஐயோ என்று எழுந்து ஓடினாய். கையில் நாங்கள் இருப்பது உனக்கு ஞாபகம் இல்லை. நாங்களும் உன்னோடு ஓடினோம்.

செருப்பு வைக்கும் பலகையில் உன்னுடையவை மட்டும் இருந்தன. புத்தக அலமாரியில் பாதி காலி, மிச்சம் இருந்த புத்தகங்கள் சாய்ந்து கிடந்தன. சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலிதான் உட்கார ஏதுவாக இருந்தது. இன்னொன்றின் மேல் மடிக்காத துணி மலையாக இருந்தது. அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நீ குனிந்து கையைப் பார்த்தாய். எங்களைப் பார்த்தாய். உடனே உன் உள்ளங்கை வந்து மூடிக்கொண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது சுவர், கடிகாரம், ஸ்வெட்டர்.

மாப்பிள்ளை எங்கேம்மா என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே, "ஆபீஸ்லப்பா" என்றாய். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த வேகம் எனக்குத் தெரியும். சாட்சிக் கூண்டில் நின்ற எத்தனையோ பேரின் பதிலில் அதைக் கேட்டிருக்கிறேன். சற்று முன் துணி ஸ்டாண்டு என்று நான் சொன்னதும் அதே வேகம்தான்.

உன் பக்கத்துத் தரையிலும் ஒரு சாக்பீஸ் கோடு இருந்திருக்கிறது.

அதிர்ச்சியில் வழக்கம்போலப் போனை அணைத்து இழுப்பறையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் திறந்தால், ராத்திரி நீ மூன்று தடவை கூப்பிட்டதாகக் காட்டியது. உடனே கூப்பிட்டேன். "கை தவறி அழுத்திட்டேன்ப்பா" என்றாய். ஒரு தடவை கை தவறலாம். மூன்று தடவையா தவறும்? எதையோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாய். நான் போனுக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைத்திருக்கிறேன். எந்தத் தகப்பன் செய்வான் இதை?

நானாகவே பல சமாதானங்களைச் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கலாம், புத்தகத்தை யாருக்காவது கொடுத்திருக்கலாம். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் அம்மாவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் ஒற்றைக் கையால் துண்டை மடித்துக்கொண்டே, "இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு?" என்றாள்.

"உனக்கு எப்போது தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன். "அந்த ஸ்வெட்டரோட ஒரு கை உள்பக்கம் சுருட்டிக்கிட்டு இருக்கு. நான் விழுறதுக்கு முன்னாடியிருந்து அப்படியேதான் இருக்கு. போட்டுக் கழட்டுற துணி அப்படியா தொங்கும்?" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஏன் உன்னிடம் கேட்கவில்லை என்று பதறினேன். "நம்ம நாற்காலிக்குக் கோடு போட்டு உக்காந்துக்கிட்டு அவளை எந்த வாயால கேக்குறது? அவளா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். துண்டின் ஓரத்தை வாயால் கவ்வி இழுத்துச் சரி செய்தாள்.

ஒரே வீட்டில், ஒரே திரையை, பக்கத்துப் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் பார்த்தோம். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நம் பழைய வாதத்தில் யார் ஜெயித்தது என்று இன்னும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பத்திரம் அடிக்க எனக்கு இப்போதும் மேசையும் பெரிய எழுத்தும் வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியை நான் ஏன் அத்தனை பிடிவாதமாகக் காப்பாற்றினேன் என்று இப்போது சந்தேகம் வருகிறது. அது இருந்த இடத்திலிருந்தே பார்க்கும். நாம் காட்டியதை மட்டும் பார்க்கும். என்னைப்போன்ற கோழைக்கு அது வசதியாக இருந்திருக்கிறது.

என்ன நடந்தது, யார் பக்கம் தவறு என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் நீ என் மகள். ஒன்று மட்டும் செய். அந்த ஸ்வெட்டரைக் கொக்கியிலிருந்து எடுத்துவிடு. எங்களுக்காக அது தொங்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். வந்து சேரும் முன் இன்னொரு ஞாயிறு வந்தாலும் வரும். அன்றைக்கும் நாம் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசுவோம். பரவாயில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுவரை காத்திருக்காதே. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பேச முடியாமல் அழுதுகொண்டிருந்தாலும் சரி, இருக்கிற இடத்திலிருந்து அப்படியே கூப்பிடு. போனை இப்போது நான் அணைப்பதில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் பேசினாலும் பேசுவேன், எடுக்காமல் இருக்க மாட்டேன்.

தரையை நேற்று ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஸ்க்ரூ பெட்டியைக் கொண்டுபோனார். மேசையை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். உன் அறையில் இவ்வளவு இடம் இருந்தது என்பதையே நான் மறந்துபோயிருக்கிறேன். கழற்றிச் சாய்த்து வைத்திருந்த உன் கட்டிலை, எந்தக் கால் எந்த மூலைக்கு என்று தடுமாறி, ஒருவழியாகப் பூட்டிவிட்டேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

தள்ளி வைத்த வரிக்கு வருகிறேன். இங்கே நாங்கள் முழு நலம் என்று சொல்ல முடியாது. நீயும் அங்கே அப்படி இல்லை என்று நினைக்கிறேன். ஆவல் என்கிற சொல் மட்டும் முழு உண்மை.

நீ எங்கே இருந்தாலும் உன் மனசுக்கு அமைதி கிடைக்கட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா எழுதச் சொன்னது, ஒரு சொல் மாற்றாமல் தருகிறேன். "அந்தக் கொழாயை யாரையாவது கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லுங்க, சொட்டுச் சத்தத்துல எப்படித்தான் தூங்குறாளோ. கட்டில் போட்டாச்சுன்னு எழுதுங்க. மெத்தை இன்னும் வாங்கலன்னும் எழுதுங்க. அவ வந்து படுத்துப் பாத்து வாங்கட்டும்."