பூனைத்தலைப் பேரிக்காய்

அண்ணை,

இன்று மத்தியானம் பேரிக்காயையும் போஞ்சிக்காயையும் கருவாட்டையும் ஒரே சட்டியில் அவித்தேன். குசினி இன்னும் மணக்கிறது. நீங்கள் அவிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிய நான்தான்.

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தீர்கள். ஜெர்மனியில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். அங்கே அகதி வழக்கு சரிவராமல், பிறகு கூப்பிடலாம் என்று மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தீர்கள். ஜெர்மனியிலிருந்து யாராவது வந்தால் அவர்கள் பையில் உங்களுக்கு அந்தப் பழங்காலப் பேரிக்காய் வரும். பூனைத்தலை என்று பெயராம். பச்சையாகக் கடித்தால் நாக்கெல்லாம் கயர்க்கும். நெடுநேரம் வெந்தால்தான் சிவந்து இனிக்கும். ஜெர்மன்காரர் போஞ்சியோடும் புகைபோட்ட பன்றி இறைச்சியோடும் அவிப்பார்களாம். பன்றி உங்களுக்கு ஆகாது. அதற்காகக் கருவாடு போடுவதா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

“அண்ணை, இதை மனுசர் சாப்பிடுவினமே?”

“என்ரை பிள்ளை சோறு தொடமாட்டாள் தங்கச்சி. இதெண்டால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். அவள் இஞ்சை வந்திறங்கிற அண்டைக்கு என்ரை கைப்பக்குவம் பிழைக்கக்கூடாது.”

லண்டன் பேரிக்காயில் செய்து பார்ப்பீர்கள். அது கரைந்து கூழாகிவிடும். “அவள் கண்டுபிடிச்சிடுவாள்” என்று முகம் தொங்கிப்போய் நிற்பீர்கள். எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பாவமாக இருக்கும். ஒவ்வொரு முறை அவர்களுக்கு விசா மறுக்கப்பட்டபோதும் மறுபடி சட்டியை எடுத்தீர்கள். கடைசியில் வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பு. அவர்களால் உங்கள் முகத்தைப் பார்க்கவும் வர முடியவில்லை.

பிறகு ஜெர்மனியிலேயே அவர்களுக்கு வதிவிட விசா கிடைத்துவிட்டது. இந்தக் கிழமை எங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள், ஒரு பை பூனைத்தலையோடு. உங்களுக்காக நான் அவித்தேன். மகள் வளர்ந்துவிட்டாள், உங்கள் நெற்றி அப்படியே இருக்கிறது. தலையை நிமிர்த்தாமல் முழுவதையும் சாப்பிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் போடட்டே பிள்ளை? உமக்கு விருப்பமெண்டு அப்பா சொல்லுவார்.”

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்:

“எனக்கு இது ஒருநாளும் பிடிக்கேல்லை அன்ரி. அப்பா சமைச்சுப்போட்டு என்னையே பாத்துக்கொண்டிருப்பார். அதாலை சாப்பிடுறனான்.”

நீங்கள் இதைக் கேட்காமல் போனது நல்லது என்கிறது ஒரு மனம். கேட்டிருந்தால் அவளுக்குப் பிடித்த ஏதாவதைச் சமைக்கப் பழகியிருப்பீர்களே என்கிறது இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறேன்.

இன்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை அண்ணை. இன்றும் அவள் மிச்சம் வைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.